தேர்வாளரைச் சோதித்த நூல்

துலாக்கோலில் பொருளை நிறுப்பது உலக வழக்கு. அக்கோல் சரிதானா என்று பார்ப்பவர் மிகச் சிலரே. விடைத்தாளுக்குப் புள்ளி இடும் தேர்வாளரையே சோதித்துப் பார்த்தது, சர் பிலிப் ஹார்ட்டாக்கும் ரோட்ஸும் 1935-இல் வெளியிட்ட ‘தேர்வுகளின் தேர்வு’ எனும் பொருள்படும் ஆங்கிலச் சிறுநூல். ஹார்ட்டாக் இலண்டன் பல்கலைக் கழகத்தில் பதிவாளராயிருந்து, பின் டாக்கா பல்கலைக் கழகத்தின் முதல் துணைவேந்தரானவர். தேர்வுகளை நடத்திய கையே அவற்றை ஆராயப் புகுந்தமையால் அந்நூலை வெறும் ஏச்சென்று ஒதுக்க இயலவில்லை.

இவ்வையம் புதியதன்று. 1890-ஆம் ஆண்டளவிலேயே எட்ஜ்வொர்த் என்னும் பேராசிரியர் இலத்தீன் உரைநடைப் பகுதி ஒன்றை 28 தேர்வாளரிடம் காட்டினார். அவர்கள் இட்ட புள்ளிகள் 45 முதல் 100 வரை பரந்து கிடந்தன. ஆயின் அது ஆளுக்கு ஆள் உள்ள வேறுபாடு. ஒரே ஆள் தம்மோடு தாம் ஒத்துப்போகிறாரா என்பதே ஹார்ட்டாக் எழுப்பிய கேள்வி.

பள்ளிச் சான்றிதழ்த் தேர்வின் வரலாற்றுத் தாள்கள் 15 எடுக்கப்பட்டன. அனைத்தும் முன்னரே ஒரே நடுத்தரப் புள்ளி பெற்றவை. பதினைந்து தேர்வாளர் அவற்றைத் திருத்தினர். ஓராண்டுக்கு மேல் கழிந்தபின் அவர்களுள் 14 பேர் அதே தாள்களை மீண்டும் திருத்தினர். தோல்வி, தேர்ச்சி, சிறப்புத் தேர்ச்சி என மூன்றில் ஒரு முடிவு கூறவேண்டும். மொத்தம் 210 முடிவுகளில் 92, முதல்முறை கூறியதினின்றும் மாறிவிட்டன! அக்கால இங்கிலாந்தில் போதிய பாடங்களில் சிறப்புத் தேர்ச்சி பெற்றவர்க்குப் பல்கலைக் கழக நுழைவுத் தேர்வினின்று விலக்கு உண்டு. ஆகவே மாறியது வெறும் எண் அன்று. ஒருவனுக்குத் திறந்த வாயில் மூடியது. மலாயாவிலும் சிங்கப்பூரிலும் கேம்பிரிட்ஜ் சான்றிதழ்த் தேர்வு எழுதி, தாளைக் கப்பலேற்றிவிட்டுக் காத்திருந்த தலைமுறைக்கு இதனை விரித்துரைக்க வேண்டுவதில்லை.

எனினும் நூலில் ஒரு குறை உண்டு. எல்லைக்கோட்டின் அருகே நிற்கும் நடுத்தரத் தாள்களையே சோதனைக்கு எடுத்தால் முடிவுகள் அடிக்கடி மாறுவது இயல்பே. சிறந்த தாளும் மிக மோசமான தாளும் கலந்திருந்தால் 92 என்னும் எண் குறைந்திருக்கும். எனவே தேர்வு முறை முழுவதற்கும் இவ்வெண்ணையே சான்றாக நீட்டுவோர் நூலாசிரியர் காட்டியதற்கு மேல் பேசுகின்றனர். ஆனால் மாணவருள் பெரும்பாலார் நிற்பது அந்நடுவிடத்தில்தானே!

புள்ளித் திட்டத்தை நுணுக்கமாக வகுத்துவிட்டால் வேறுபாடு ஒழியும் என்பர் சிலர். குறையும், ஐயமில்லை. ஆண்டுகளையும் பெயர்களையும் எண்ணிப் புள்ளியிட்டால் பத்துத் தேர்வாளரும் ஒரே எண்ணில் வந்து நிற்பர். வரலாற்று மாணவன் காரணத்தையும் விளைவையும் எவ்வாறு பிணைத்தான் என்பதைப் பத்துப் பேருமே பாராதிருப்பர். அவ்வொற்றுமையால் அவனுக்குப் பயன் என்ன?

இருவர் திருத்தும் முறை இதனினும் மேலானது. ஆனால் முதல்வர் இட்ட எண் தாளின் ஓரத்தில் தெரிந்தால், இரண்டாமவர் அதனைவிட்டு வெகுதூரம் போகத் தயங்குவார். முதல்வர் மூத்த பேராசிரியராயின் சொல்ல வேண்டியதில்லை. அங்கே பதிவாவது ஒருவர் தீர்ப்பும் மற்றவர் மரியாதையும். அவ்வெண்ணை மறைத்துக் கொடுக்க ஆகும் செலவு ஒரு துண்டுத் தாள்தான்.