தேய்மானம் 40 சதவீதம்

சிதம்பரத்தில் தேரோடும் வீதி ஒன்றில், பூக்கடைக்கும் ஜெராக்ஸ் கடைக்கும் நடுவே, ஒரே ஆள் உட்காரும் அளவுக்கு ஒரு வாட்ச் ரிப்பேர் கடை. பெரியவர் வலது கண்ணில் லென்ஸைச் செருகிக்கொண்டு என் அப்பாவின் ஹெச்.எம்.டி. ஜனதாவைக் கவிழ்த்துப் பின்மூடியைத் திறந்தார்.

"எண்ணெய் காஞ்சு கெட்டியாயிடுச்சு தம்பி. வேற ஒண்ணுமில்ல."

மூடியின் உள்பக்கத்தை என்னிடம் காட்டினார். ஊசியால் கீறிய நான்கு தேதிகள். 82, 91, 2000, 2009. "மேல ரெண்டும் எங்கப்பா கையெழுத்து. கீழ ரெண்டும் நான்."

அப்பா அண்ணாமலை பல்கலைக்கழகத்தில் கிளார்க். கடலூரிலிருந்து தினம் ரயிலில் போய் வந்தவர். வாட்ச் நின்றால் சிதம்பரத்திலேயே இறங்கிக் கொடுத்துவிடுவார். 2017-ல் அவர் போனபிறகு வாட்ச் பீரோவில் கிடந்தது. இதெல்லாம் சொந்தக் கதை. நான் சொல்ல வந்தது வேறு.

நான் பி.காம். படித்தவன். பொருள்களைப் பார்த்தால் முதலில் தேய்மானம்தான் ஞாபகத்துக்கு வரும். வருமான வரிக் கணக்கில் சாதாரண இயந்திரத்துக்கு வருடம் 15 சதவீதம் தேய்மானம். கம்ப்யூட்டருக்கும் மென்பொருளுக்கும் 40. 2017-க்கு முன் 60. அதாவது, மென்பொருள் சீக்கிரம் செத்துப்போகும் என்பது அரசாங்கமே ஒப்புக்கொண்ட சங்கதி. நாம்தான் ஒவ்வொரு புது ஆப் வரும்போதும் கல்யாண வீடு மாதிரி குதிக்கிறோம்.

அதே வாரம் கடலூர் வீட்டுப் பரணில் ஒரு சி.டி. அகப்பட்டது. 2001-ல் நான் எழுதிய பதினேழு கட்டுரைகள். பிரவுசிங் சென்டரில் மணிக் கணக்கில் காசு கொடுத்து டைப் அடித்தவை. சி.டி. பிழைத்திருந்தது, ஆச்சரியம். திறந்தால் கொம்பு வைத்த எ, தொப்பி போட்ட ஓ என்று பிரெஞ்சுக்காரன் தும்மினாற்போல் வரிவரியாக எழுத்துகள். தமிழ் ஒன்றுகூட இல்லை.

காரணம் தெரிந்ததுதான். அந்தக் காலத்தில் ஒவ்வொரு தமிழ் ஃபான்ட்டும் ஒரு தனி சமஸ்தானம். ஆங்கில எழுத்துகளுக்கும் ஐரோப்பிய எழுத்துகளுக்கும் ஒதுக்கிய இடங்களில் தமிழைத் திணித்து வைத்திருந்தார்கள். இவர் 'க'வை வைத்த இடத்தில் அவர் 'ணு'வை வைத்திருப்பார். 1999-ல் சென்னையில் தமிழ்நெட் மாநாடு கூட்டி, டாம், டாப் என்று இரண்டு குறியீடுகளையும் ஒரு கீபோர்டையும் முடிவு செய்தார்கள். கீபோர்டு பிழைத்துக்கொண்டது. இன்றும் தமிழ்99-ல் அடிப்பவர்கள் இருக்கிறார்கள், நானும் அதில் ஒருவன். குறியீடுகள் தோற்றுவிட்டன. இணையத்துத் தமிழர்கள் திஸ்கி என்று தனியாகப் போனார்கள். கடைசியில் 2010-ல்தான் தமிழக அரசு யூனிகோடை ஏற்றது.

மலேசியாவிலிருந்து முரசு அஞ்சல் கொடுத்த முத்து நெடுமாறனையோ, 'அழகி' கொடுத்த விஸ்வநாதனையோ குறை சொன்னால் நாக்கு அழுகிவிடும். அவர்கள் இல்லாவிட்டால் நம்மில் பாதிப்பேர் இன்னும் 'நான் நல்லா இருக்கேன்' என்பதை ஆங்கில எழுத்தில்தான் அடித்துக்கொண்டிருப்போம். என் கோபம் வேறு இடத்தில். தன் ஃபான்ட்டின் வரைபடத்தை யாருக்கும் சொல்லாமல் பூட்டி வைத்து, வேறு எதிலும் திறக்கமுடியாதபடி விற்றார்களே, அந்த வியாபாரத்தின் மேல். என் பதினேழு கட்டுரைகளும் அப்படி ஒரு ஃபான்ட்டில் இருந்தவை. கம்பெனியும் இல்லை, வரைபடமும் இல்லை. எந்த எழுத்து எங்கே என்று குறுக்கெழுத்துப் போட்டி போல ஊகித்து மூன்றை மீட்டேன். மீட்ட மூன்றும் சுமார்தான் என்பதை இங்கே ஒப்புக்கொள்கிறேன்.

அடுத்து, அரட்டை. ஸோஹோவின் இந்த ஆப் 2021-லேயே வந்துவிட்டது. 2025 செப்டம்பரில் மத்திய அமைச்சர்கள் சுதேசி என்று சிபாரிசு செய்ததும், நாளுக்கு மூவாயிரம் பேர் சேர்ந்த இடத்தில் மூன்றரை லட்சம் பேர் சேர்வதாக ஸ்ரீதர் வேம்பு அறிவித்தார். பெயருக்கே நூறு மார்க் போடலாம். உலகத்தில் வேறு எந்த மெசேஜ் ஆப்பும் தான் செய்கிற காரியத்தை இவ்வளவு நேர்மையாகப் பெயரில் சொன்னதில்லை. எனக்குத் தெரிந்த பதினான்கு பேர் அந்த வாரத்தில் சேர்ந்தார்கள். எல்லோருக்கும் ஹாய் சொன்னேன். மறுநாள் ஒருவர் வாட்ஸப்பில் வந்து, "அரட்டைல ஹாய் போட்டேனே, பாத்தியா?" என்று கேட்டார்.

இது அரட்டையின் குற்றமில்லை. வந்த சமயத்தில் அதில் எழுத்துச் செய்திகளுக்கு முழுப் பூட்டு இல்லாதது குற்றம்தான். பிறகு சேர்த்தார்கள். ஆனால் விஷயம் பூட்டில் இல்லை. பி.எஸ்.என்.எல். போனிலிருந்து ஏர்டெல்லுக்கு எஸ்.எம்.எஸ். போகிறது. எந்த மெயிலிலிருந்தும் எந்த மெயிலுக்கும் கடிதம் போகிறது. 2013 ஜூலையில் மூடப்படும்வரை தந்தியும் அப்படித்தான். பெறுகிறவர் எந்தக் கம்பெனி என்று தபால்காரர் கேட்டதில்லை. ஆனால் அரட்டையில் போட்ட ஹாய் வாட்ஸப்புக்குப் போகாது. 2014-ல் ஃபேஸ்புக் வாட்ஸப்புக்கு 1,900 கோடி டாலர் விலை பேசியபோது வாங்கியது மென்பொருளை அல்ல. உங்கள் சித்தி, கேஸ் ஏஜென்சிக்காரர், அபார்ட்மென்ட் செக்ரட்டரி எல்லோரும் ஏற்கனவே அங்கே இருந்தார்களே, அதை. மெயில் போல, யு.பி.ஐ. போல எல்லா ஆப்பும் ஒன்றோடொன்று பேசவேண்டும் என்று வேம்புவே சொல்லியிருக்கிறார். ஐரோப்பிய யூனியன் 2022-ல் சட்டமே போட்டது. நம் ஊரில் அந்தச் சட்டம் வரும்வரை 'சுதேசி ஆப்' என்பது சுவரை இடிப்பதில்லை, நம் ஆள் கட்டிய இன்னொரு சுவர். கெட்டிக்காரத்தனமான சுவர்தான். இருந்தாலும் சுவர்.

அப்பா குரல் செய்தி அனுப்புவார். பெரும்பாலும் "வர்றப்ப தேங்கா எண்ணெ வாங்கிட்டு வா" ரகம். அவர் போனபிறகு கேட்க வைத்திருந்தேன். ஆப் பெயர் வேண்டாம். போன் செத்து, புதுப் போனில் மீட்கப் போனபோது ஏதோ ஒரு எண்ணைக் கேட்டது. எனக்கு அது ஞாபகமில்லை. என் தப்பும் உண்டு. ஆனால் இரும்புப் பெட்டி சாவி தொலைந்தால் கொல்லனைக் கூப்பிடலாம். இதற்கு யாரைக் கூப்பிடுவது?

இவ்வளவும் படித்துவிட்டு, இவன் வாட்ச் பைத்தியம் என்று நினைத்தால் அது தவறு. நேரம் காட்டுவதில் மெக்கானிக்கல் வாட்ச் மட்டம். குவார்ட்ஸ் படிகம் விநாடிக்கு 32,768 தடவை அதிர்கிறது. ஜனதாவின் பாலன்ஸ் வீல் ஐந்து தடவை டிக் என்கிறது. முன்னது மாதத்துக்குப் பதினைந்து விநாடி தவறினால், பின்னது இரண்டு நாளிலேயே ஒரு நிமிஷம் தவறும். 1961-ல் ஜப்பான் சிட்டிஸன் உதவியோடு பெங்களூரில் ஆரம்பித்து, நாட்டுக்கே நேரம் சொன்ன ஹெச்.எம்.டி., குவார்ட்ஸையும் முதலில் கொண்டுவந்து, அதை நம்பாமல் சாவி கொடுக்கும் வாட்சிலேயே உட்கார்ந்துவிட்டது. டாடாவும் தமிழக அரசின் டிட்கோவும் சேர்ந்து 1984-ல் தொடங்கிய டைட்டன், ஓசூரிலிருந்து சந்தையை எடுத்துக்கொண்டு போனது. 2016 ஜனவரியில் ஹெச்.எம்.டி. வாட்சஸை மூட மத்திய அமைச்சரவை முடிவெடுத்தது. அரசு கம்பெனிக்கு ஆன அநியாயம் என்று அழுகிறவர்கள் அப்போது கையில் என்ன கட்டியிருந்தார்கள் என்று பார்க்கவேண்டும்.

மூடியதும் மவுசு வந்துவிட்டது. ஆன்லைனில் மயில் நீலத்திலும் மாம்பழ மஞ்சளிலும் ஜனதா கிடைக்கிறது. ஹெச்.எம்.டி. கனவிலும் போடாத கலர்கள். பழைய எந்திரத்தில் புது முகத்தை ஒட்டி, 'ஒரிஜினல் விண்டேஜ்' என்கிறார்கள். வாங்குகிறவர்களில் பலர் சாவி கொடுப்பதுமில்லை. போட்டோ எடுத்து, நேரத்தை போனில் பார்த்துக்கொள்கிறார்கள்.

மெக்கானிக்கல் வாட்சுக்கு நான் கொடுக்கும் மார்க் ஒன்றே ஒன்றுக்குத்தான். 2011 டிசம்பர் 30 அதிகாலை தானே புயல் கடலூர் பக்கம் கரையேறியது. கரண்ட் போனது. பல இடங்களில் வாரக்கணக்கில் வரவில்லை. டவர் போச்சு, சார்ஜ் போச்சு. தெருவில் எல்லோரும் செங்கல் மாதிரி போனை வைத்துக்கொண்டு நின்றோம். அப்பா மட்டும் காலையில் பல் தேய்த்ததும் ஜனதாவுக்குச் சாவி கொடுத்தார். எங்கள் தெருவில் ஒரு வாரம் அவர்தான் மணி. அந்த வாட்சை ஓட்ட யார் அனுமதியும் வேண்டியதில்லை. நின்றால் திறந்து பார்க்க, பதினேழு கல்லும் எங்கே என்று தெரிந்த ஒருத்தர் ரயிலுக்கு எட்டும் தூரத்தில் இருந்தார். செய்த கம்பெனி செத்த பிறகும் இருக்கிறார். என் சி.டி.க்கு அப்படி ஒருத்தர் இருந்திருந்தால், மிச்சம் பதினான்கு கட்டுரைகளும் சுமாரா இல்லையா என்றாவது தெரிந்திருக்கும்.

பெரியவர் நான்கு நாள் கழித்து வரச் சொன்னார். போனேன். 350 ரூபாய். மூடியில் ஐந்தாவது தேதி கீறியிருந்தது.

"ரெண்டு நாளைக்கு ஒரு நிமிஷம் ஃபாஸ்ட்டா ஓடும். சரி பண்ணணும்னா இன்னும் ஒரு வாரம் குடுங்க."

வேண்டாம் என்று கட்டிக்கொண்டு கடலூர் பஸ் ஏறினேன்.