பூட் ஆகும் நேரத்தில் முடிவெடுக்கும் ஸ்கிரிப்ட்

கிளவுடில் புது சர்வர் எழுப்புகிறவர்கள் இப்போதெல்லாம் அதற்குள் லாகின் செய்து ஒவ்வொன்றாக இன்ஸ்டால் செய்துகொண்டிருப்பதில்லை. அமேசானின் இசி2-வில் என்றால், லான்ச் டெம்ப்ளேட்டின் 'யூசர் டேட்டா' பகுதியில் ஷெல் ஸ்கிரிப்டை ஒட்டிவிடுகிறார்கள். மெஷின் முதல்முறை பூட் ஆகும்போது கிளவுட்-இனிட் அதை எடுத்து ரூட் அதிகாரத்தோடு ஓட்டிவிடும்.

வேகத்தைத்தான் இதன் சிறப்பாகச் சொல்வார்கள். அதைவிடப் பெரிய சிறப்பு, ஸ்கிரிப்டைப் படிக்க முடிகிறது என்பது. ரெடிமேட் இமேஜுக்குள் யார் எதை வைத்தார்கள் என்று வெளியிலிருந்து தெரியாது. ஸ்கிரிப்டோ கிட்டில் கிடக்கும். எந்த வரியை யார், ஏன் மாற்றினார்கள் என்று நேற்றுச் சேர்ந்தவரும் பார்த்துக்கொள்ளலாம்.

ஆனால் அந்த வரிகள் சொல்லாத விஷயமும் உண்டு. 'என்ஜின்எக்ஸை இன்ஸ்டால் செய்' என்று எழுதினால், எந்தப் பதிப்பு, எந்த மிர்ரரிலிருந்து என்பதெல்லாம் மெஷின் பூட் ஆகும் நிமிடத்தில்தான் முடிவாகிறது. சென்ட்ஓஎஸ் 7-க்கு 2024 ஜூன் 30-உடன் ஆதரவு முடிந்தது. அதன் மிர்ரர் பட்டியலைத் தந்துகொண்டிருந்த முகவரியும் பின்னாலேயே நின்றுபோனது. ஓடிக்கொண்டிருந்த மெஷின்களுக்கு ஒன்றும் ஆகவில்லை. அந்த முகவரியை நம்பியிருந்த டெம்ப்ளேட்டிலிருந்து புதிதாக எழுந்தவைதான் முதல் யம் கட்டளையிலேயே விழுந்தன. டெம்ப்ளேட்டில் ஓர் எழுத்துகூட மாறவில்லை. ஆட்டோ ஸ்கேலிங் புது மெஷினைக் கேட்பதோ டிராஃபிக் ஏறும் நேரத்தில். கோளாறு வெளியே வருவதும் அப்போதுதான்.

விழுந்தது உடனே தெரிந்தாலாவது பரவாயில்லை. பாஷ் ஸ்கிரிப்டில் ஒரு கட்டளை தோற்றாலும், நிற்கச் சொல்லி நாம் எழுதாதவரை அடுத்த வரி ஓடும். கன்சோலில் 'ரன்னிங்' என்றிருக்கும், ஸ்டேட்டஸ் செக்கும் பச்சையாக இருக்கும். அந்தச் சோதனைகள் நம் ஸ்கிரிப்டைப் பார்ப்பதே இல்லை. லோட் பேலன்சரின் ஹெல்த் செக்கைக் கணக்கில் எடுக்கும்படி ஆட்டோ ஸ்கேலிங்கை அமைத்திருந்தால் வேறு கூத்து: தோற்ற மெஷினை அது கொன்றுவிட்டு இன்னொன்றை எழுப்பும், அதுவும் அதே வரியில் சாகும். பிழையைச் சொல்லும் கிளவுட்-இனிட் லாக், வெளியே எங்கும் அனுப்பப்படாவிட்டால், மெஷினோடு சேர்ந்து போய்விடும். பில் மட்டும் ஏறும்.

எத்தனை முறை ஓடும் என்பதிலும் குழப்பம் உண்டு. இசி2-வில் இயல்பாக முதல் பூட்டில் மட்டும். கூகுள் கம்ப்யூட் எஞ்சினின் ஸ்டார்ட்அப் ஸ்கிரிப்ட் ஒவ்வொரு பூட்டிலும். இசி2-வுக்கு எழுதியதை கூகுளுக்குக் காப்பி செய்து, ஹோஸ்ட்ஸ் ஃபைலின் கடைசியில் ஒரு வரி சேர்க்கும் கட்டளையை அப்படியே விட்டுவைத்தால், ரீஸ்டார்ட்டுக்கு ஒன்றாக வரிகள் வளரும்.

இதற்கு மாற்று, எல்லாவற்றையும் முன்பே இமேஜில் சேர்த்து வைப்பது. பேக்கர் இதற்கான கருவி. நெட்ஃபிளிக்ஸ் இந்த வழியில் போய், இமேஜ் கட்டும் தன் கருவியான அமினேட்டரை 2013-இல் ஓப்பன் சோர்ஸாகவே வெளியிட்டது. மெஷின் சீக்கிரம் தயாராகும், எல்லாம் ஒரே மாதிரி இருக்கும். ஆனால் ஒவ்வொரு பாதுகாப்புப் பேட்ச்சுக்கும் இமேஜைத் திரும்பக் கட்ட வேண்டும். இரண்டே சர்வர் வைத்திருக்கும் குழுவுக்கு அந்தப் பாடு தேவையில்லை, ஸ்கிரிப்டே போதும். ஆட்டோ ஸ்கேலிங் வந்துவிட்டால் பேக்கேஜ்களெல்லாம் இமேஜுக்குப் போய்விட வேண்டும் என்பேன். ஹோஸ்ட்நேம், டெஸ்டா புரொடக்‌ஷனா என்பது போல, பூட் ஆகும்வரை தெரியாதவை மட்டும் ஸ்கிரிப்டில் மிஞ்சலாம்.

பாஸ்வேர்ட் மிஞ்சவே கூடாது. யூசர் டேட்டாவை 169.254.169.254 என்ற முகவரியில் மெஷினுக்குள்ளிருக்கும் எந்த புரோகிராமும் கேட்டு வாங்கலாம். அந்த முகவரியில் பதில் சொல்லும் சேவைக்கு, டோக்கன் கேட்கும் இரண்டாம் பதிப்பை 2019 நவம்பரில் அமேசான் கொண்டுவந்தது. வெளியிலிருந்து ஏமாற்றிக் கேட்பதை அது கடினமாக்குகிறது. உள்ளே புகுந்தவனைத் தடுக்காது.

யூசர் டேட்டாவுக்கு அமேசான் வைத்திருக்கும் 16 கேபி வரம்பைப் பலர் தொல்லை என்கிறார்கள். எனக்கு அது நல்ல கடிவாளமாகவே படுகிறது. ஆனால் அதைத் தாண்ட ஒரு குறுக்குவழி ரொம்பப் பிரபலம்: 'எஸ்3 பக்கெட்டிலிருந்து பெரிய ஸ்கிரிப்டை இறக்கி ஓட்டு' என்று ஒரே வரி. அதோடு படிக்க முடிகிற வசதியும் போயிற்று. அந்தப் பக்கெட்டில் எழுத அனுமதி உள்ள எவரும், அடுத்து எழும் ஒவ்வொரு மெஷினிலும் ரூட்தான்.