கோமாளிக்கும் நெஞ்சு உண்டு

நகைச்சுவைத் தொடர்களைப் பற்றி எழுதுவது நமது விமர்சகர் பலருக்குக் கௌரவக் குறைவாகத் தோன்றுகிறது. ஆனால் மக்கள் யாரைப் பார்த்துச் சிரிக்கிறார்கள் என்பது ஒரு சமுதாயப் பிரச்சினையன்றோ? ஆகவே அதனை ஆராயாது விடுவதற்கில்லை.

1970களில் இலங்கை வானொலியில் ஒலித்த ‘கோமாளிகள் கும்மாளம்’ தொடரை எடுத்துக்கொள்வோம். ராம்தாஸ் மரிக்காராகவும், ராஜகோபால் அப்புக்குட்டியாகவும், செல்வசேகரன் உபாலியாகவும், அப்துல் ஹமீது ஐயராகவும் அதில் நடித்தனர். முஸ்லிம்களின் தமிழும், யாழ்ப்பாணத் தமிழும், சிங்களவர் பேசும் தமிழும், பிராமணத் தமிழும் மோதியதிலே சிரிப்புப் பிறந்தது. 1976இல் அது ‘கோமாளிகள்’ என்ற திரைப்படமாகவும் வெளிவந்தது. ராம்தாஸ் முஸ்லிமாகவும் அப்துல் ஹமீது ஐயராகவும் பேசிய அந்த நாக்கு மாற்றத்தில் ஒரு நேசம் இருந்தது. அதனை நாம் மறுக்கவில்லை.

எனினும் பேச்சின் விசித்திரம் சிரிப்புக்கு வாயில் மட்டுமே. உள்ளே ஒரு மனிதன் இல்லையேல் அச்சிரிப்பு ஏளனமாகச் சுருங்கிவிடும். இன்றைய தொலைக்காட்சித் தொடர்கள் பலவும் இந்தக் குறையைக் கண்ணீரால் மூட முயல்கின்றன. அரை மணி நேரம் ஒருவனைக் கேலிப் பொருளாக்கிவிட்டு, இறுதியில் சோக இசையோடு அவனை அழவைக்கிறார்கள். அது பாத்திரத்தின் துயரமன்று. கேலி செய்ததற்குச் செலுத்தும் அபராதம்.

‘சர்வர் சுந்தரம்’ (1964) படத்தில் நாகேஷ் ஏற்ற பாத்திரத்தைப் பாருங்கள். நம்மைச் சிரிக்கவைக்கும் அவனது வெகுளித்தனமே பின்னர் நம் நெஞ்சை வருத்துகிறது. சிரிப்பும் துயரமும் ஒரே வேரிலிருந்து கிளைக்கின்றன. சமநிலை என்பது இதுதான். இவ்வளவு சிரிப்பு, இவ்வளவு அழுகை என்று படி வைத்து அளப்பதன்று.

வன்னி மக்களுக்கு இது புதிய பாடமுமன்று. கோவலன் கூத்தில் கோமாளியைக் கண்டு சிரித்த அதே சனம், விடியுமுன் கண்ணகிக்காகக் கண் கலங்குகிறது. 1990களில் பொருளாதாரத் தடையின் நடுவே, மிதிவண்டி டைனமோவைச் சுழற்றி வானொலி கேட்ட மக்கள் இவர்கள். சிரிப்பின் அருமை அவர்களுக்குத் தெரியும்.

ஆனால் அந்த வானொலிக் கோமாளிகள் நால்வரில் வன்னி விவசாயியின் குரல் இல்லை. மலையகத் தொழிலாளியின் குரலும் இல்லை. 1977 கலவரத்தின் பின் தோட்டங்களை விட்டு வந்த மலையகத் தமிழர் பலர் வவுனியா, கிளிநொச்சிப் பகுதிகளில் குடியேறிக் காடு வெட்டிப் பயிர் செய்தனர். அவர்தம் பேரப்பிள்ளை வகுப்பறையில் வாய் திறந்ததும் பின்வரிசையில் எழும் சிரிப்பை நாம் கேட்டதுண்டு. அச்சிரிப்பைப் பிள்ளைகள் எங்கே கற்றார்கள்? சிறிதளவேனும் நம் நகைச்சுவைகளிடமிருந்துதான்.

தமிழ்மொழித் தினப் போட்டிக்கு நாடகம் எழுதும் ஆசிரியர்களையும் நடிக்கும் மாணவர்களையும் நாம் கேட்டுக்கொள்வது ஒன்றே: அந்தப் பிள்ளையின் பேச்சையும் மேடையேற்றுங்கள். அதைக் கேட்டுச் சபை சிரிக்கட்டும். அவளும் சேர்ந்து சிரிக்கட்டும். அவள் சிரிக்க முடியாத இடம் ஏதேனும் இருந்தால், அங்கே நாடகம் பிழைத்துவிட்டது என்று கொள்ளுங்கள்.