தெரிந்தே தோற்கும் சோதனைகள்: நான்கு மரபுகள்

பிழை தெரிந்துவிட்டது, திருத்தத்தான் இன்னும் ஆளில்லை. அதைக் காட்டும் சோதனையை என்ன செய்வது? அப்படியே விட்டால் சோதனைத் தொகுப்பு தினமும் தோற்கும். நேற்று நுழைந்த புதுப் பிழை பழையதோடு கலந்து கண்ணில் படாமல் போகும். நீக்கிவிட்டாலோ பிழையே மறந்துபோகும். ஷெல் ஸ்கிரிப்ட் சோதனை உலகம் இதற்குக் கண்ட வழிகள் பல.

மூத்தது பெர்ல் மரபு. 1987-இல் வந்த முதல் பெர்லின் சோதனைகள் ‘ஓகே’, ‘நாட் ஓகே’ என்று வரிவரியாக அச்சிட்டன. அதிலிருந்து வளர்ந்த ‘டேப்’ முறையில், வரியின் இறுதியில் ‘டூடூ’ என்று குறித்தால் அந்தத் தோல்வி கணக்கில் சேராது. அந்தச் சோதனை எதிர்பாராமல் வென்றாலும் தகவல் மட்டுமே வரும், தொகுப்பு தோற்காது.

டெஜாக்னூ என்ற சோதனைச் சட்டகத்தின் சோதனைகள் ஷெல்லில் அல்ல, டிசிஎல் மொழியில் அமைந்தவை. ஆனால் வகைப்படுத்துவதில் அதுவே ஆசான். சூழலின் குறையால் தோற்பது ‘எக்ஸ்ஃபெயில்’. நம் நிரலின் குறையால் தோற்பது ‘கேஃபெயில்’. பின்னதற்குப் பிழைப் பதிவின் எண்ணையும் தர வேண்டும்.

நிரல் கட்டமைப்புக் கருவியான ஆட்டோமேக், ஸ்கிரிப்ட் வெளியேறும்போது தரும் எண்ணை வைத்தே பேசுகிறது. 0 வெற்றி, 77 தவிர்ப்பு, 99 கடும் பிழை. தோற்கும் என்று பட்டியலிட்ட ஸ்கிரிப்ட் வென்றுவிட்டால், முழு ஓட்டத்தையும் தோல்வி என்றே அறிவிக்கும்.

பதிப்புக் கட்டுப்பாட்டுக் கருவியான கிட்டின் சோதனைகளில் ‘டெஸ்ட் எக்ஸ்பெக்ட் ஃபெயிலியர்’ என்ற குறி முதலில் கட்டளை மறுக்க வேண்டிய இடங்களுக்கும் பயன்பட்டது. அதனால் சோதனையில் எழுத்துப் பிழை இருந்து தோற்றாலும் வெற்றி என்றே பதிவானது. 2008-இல் அந்தக் குறியை, ஏற்கெனவே தெரிந்த பிழைகளுக்கு மட்டும் என ஒதுக்கினார்கள். கட்டளை மறுப்பதைச் சோதிக்க இருப்பது ‘டெஸ்ட் மஸ்ட் ஃபெயில்’. முறையாக மறுத்த கட்டளையையும் நினைவகப் பிழையால் செத்து விழுந்த கட்டளையையும் அது பிரித்தறியும்.

இவற்றிலிருந்து திரளும் தரம் மூன்று: தோற்கும் என்று குறித்த சோதனை ஒவ்வொரு முறையும் ஓட வேண்டும், காரணம் பதிவாகியிருக்க வேண்டும், வென்ற அன்றே குறி நீங்க வேண்டும். மூன்றாவதில் ஆட்டோமேக்கின் கண்டிப்பே சரி. பிழை தீர்ந்தபின்னும் குறி நின்றால், அதே பிழை மறுபடி வரும்போது அதை ‘எதிர்பார்த்ததுதான்’ என்று தொகுப்பே வரவேற்றுவிடும்.