நண்பருமல்லாத, பகைவருமல்லாத பூச்சிகள்

தஞ்சைப் பகுதி உழவர் ஒருவரிடம் நெல்லைத் தாக்கும் பூச்சிகளின் பெயரைக் கேட்டுப் பாருங்கள். புகையான், குருத்துப்பூச்சி, இலைச்சுருட்டுப்புழு, ஆனைக்கொம்பன், கதிர் நாவாய்ப்பூச்சி என்று மூச்சுவிடாமல் அடுக்குவார். அதே வயலில் அவருக்கு உதவும் உயிர்கள் எவை என்று கேட்டால், பொறிவண்டு, தட்டான், சிலந்தி என்பதோடு பேச்சு நின்றுவிடும். இந்தக் குறையைப் போக்க எழுந்த நூல்களில் குறிப்பிடத்தக்கது, பிலிப்பைன்ஸிலுள்ள பன்னாட்டு நெல் ஆராய்ச்சி நிலையம் 1987இல் வெளியிட்ட ‘நெல் உழவரின் நண்பர்கள்’ என்னும் ஆங்கில நூலாகும். ஷெப்பர்ட், பாரியன், லிட்சிங்கர் ஆகிய மூவர் எழுதியது. பழைய நூல்தான். ஆயினும் அதிலுள்ள எண்கள் இன்றும் நம் வேளாண் கையேடுகளில் உலவுவதால், அதை மறுபடி புரட்டிப் பார்ப்பது வீண்வேலை ஆகாது.

நூல் எழுந்த சூழலை முதலில் அறிய வேண்டும். புகையான் பயிரின் அடித்தண்டில் கூட்டமாக அமர்ந்து சாற்றை உறிஞ்சும் சிறு தத்துப்பூச்சி. தாக்கப்பட்ட பயிர் வட்டம் வட்டமாகத் தீய்ந்து நிற்கும். 1970களில் ஆசிய நாடுகள் பலவற்றில் இது பெருகியது. 1973-74இல் கேரளத்தைக் கடுமையாகத் தாக்கியது. விந்தை என்னவெனில், மருந்து அடித்த வயல்களிலேயே அது மேலும் மேலும் பெருகியது. பிலிப்பைன்ஸ் வயல்களில் ஆராய்ந்த பீட்டர் கென்மோர் என்ற அமெரிக்கர், 1980இல் தமது முனைவர் பட்ட ஆய்வேட்டில் இதற்கு விடை கூறினார். புகையானின் முட்டைகள் இலையுறைக்குள் பத்திரமாக இருக்கின்றன. மருந்தோ வெளியே திரியும் சிலந்திகளையும் இரைவிழுங்கும் நாவாய்ப்பூச்சிகளையும் கொன்றுவிடுகிறது. முட்டை பொரிந்து குஞ்சுகள் வரும்போது அவற்றைத் தின்ன ஆளில்லை! 1986இல் இந்தோனேசிய அரசு 57 பூச்சிமருந்துகளை நெல்லுக்குப் பயன்படுத்தலாகாதெனத் தடை செய்தது. அதற்கு மறு ஆண்டு வந்த நூல் இது.

இரைவிழுங்கிகள், ஒட்டுண்ணிகள், பூச்சிகளுக்கு நோய் தரும் பூசணங்கள் முதலியன என்று வகுத்துக்கொண்டு, ஒவ்வோர் உயிருக்கும் வண்ணப்படமும் சில வரிக் குறிப்பும் தருகிறார்கள். படங்கள் அருமை. மைக்ரோவீலியா என்னும் பொடி நாவாய்ப்பூச்சி வயல்நீரின் மேல் ஓடி, தவறி விழும் புகையான் குஞ்சுகளைப் பிடித்து உண்கிறது. பரப்பு இழுவிசைக்கு எடுத்துக்காட்டாக நீரில் மிதக்கும் ஊசியையே ஆண்டுதோறும் காட்டிவரும் என் போன்ற இயற்பியல் ஆசிரியர்களுக்கு இந்தப் பூச்சி ஒரு நல்ல வரவு.

ஆனால் இயற்பியல் படித்தவனுக்கு இந்நூலில் ஓர் உறுத்தலும் உண்டு. ஓநாய்ச் சிலந்தி நாளொன்றுக்கு 5 முதல் 15 இரைகளை உண்ணும் என்கிறது நூல். எங்கே உண்டது? கூண்டிலா, வயலிலா? இரை எவ்வளவு நெருக்கமாக இருந்தது? ஹோலிங் என்ற கனடா நாட்டு ஆய்வாளர் 1959இலேயே காட்டியபடி, இரை பெருகப் பெருக இரைவிழுங்கி உண்ணும் அளவும் உயர்ந்து, பின்னர் ஒரு வரம்பில் நின்றுவிடும். அதற்கு மேல் உண்ண நேரமும் இல்லை, வயிறும் இல்லை. ஆகவே ‘நாளொன்றுக்கு இத்தனை’ என்பது மாறிலி அன்று. அளந்த முறையைச் சொல்லாமல் அளவை மட்டும் தந்தால், கையேட்டுக்குக் கையேடு அது படியெடுக்கப்பட்டு இயற்கை விதிபோல் ஆகிவிடுகிறது.

இது சிறு குறை. பெருங்குறை தலைப்பிலேயே இருக்கிறது. வயலிலுள்ள உயிர்களை நண்பர், பகைவர் என்று இரண்டாகப் பிரித்துவிட்டால், எஞ்சிய கூட்டம் கண்ணில் படாமற் போகிறது. பயிரையும் தின்னாது, பூச்சியையும் தின்னாது, அழுகிய வைக்கோலையும் நீரிலுள்ள நுண்ணுயிர்களையும் தின்று வாழும் சிறு பூச்சிகள் ஏராளம். கடிக்காத கொசு போன்ற சிற்றீக்கள் மாலையில் வரப்போரம் கூட்டமாகச் சுழல்வதைப் பார்த்திருப்பீர்கள். அவையும் இந்த இனத்தவையே. வில்லியம் செட்டிலும் இந்தோனேசிய ஆய்வாளர்களும் ஜாவாத் தீவின் வயல்களில் எண்ணிப் பார்த்து, 1996இல் வெளியிட்ட கட்டுரையில் இவற்றின் பங்கை விளக்கினார்கள். நட்ட தொடக்க வாரங்களில், புகையான் வந்து சேருமுன்பே, சிலந்திகளுக்குச் சோறு போடுபவை இவைதாம். வயலில் மட்கும் பொருளைச் சேர்த்தபோது இவையும் பெருகின, இரைவிழுங்கிகளும் பெருகின. நட்ட சில நாட்களில் யூரியாவோடு குருணை மருந்தைக் கலந்து இறைக்கும் வழக்கம் நம்மிடம் உண்டல்லவா? அது இந்தப் பந்தியையே கவிழ்க்கிறது.

ஒன்பது ஆண்டுகளுக்குப் பின் வந்த முடிவை 1987இன் நூலில் தேடுவது நியாயமில்லை. ஆனால் அதன் பின்னரும் நம் கையேடுகள் ‘நண்பர், பகைவர்’ பட்டியலையே அச்சிடுவதற்கு என்ன சமாதானம்?

பூச்சியியலாரின் தொழில் அமைந்த விதமே காரணம் என்று எனக்குத் தோன்றுகிறது. டி. வி. ராமகிருஷ்ண ஐயரின் புகழ்பெற்ற கையேடு 1940இல் வந்தபோது அதன் பெயரே தென்னிந்தியாவின் ‘பொருளாதாரப் பூச்சியியல்’. பயிர்க்காசோடு தொடர்புடைய பூச்சிக்கே மதிப்பு என்பது அன்று இயல்பு. இன்றும் பெரும்பாலான பணியிடங்கள் அந்தச் சொல்லின் நிழலில்தான் இருக்கின்றன. புதிய மருந்தை அடித்து, எத்தனை விழுக்காடு செத்தது என்று எண்ணினால் ஓராண்டில் கட்டுரை ஆயிற்று. சிற்றீக்களை இனம் பிரிக்கவே ஓராண்டு போதாது. சென்னை லயோலா கல்லூரியில் இலைப்பேன்களின் வகைப்பாட்டைத் தம் வாழ்நாள் பணியாகக் கொண்டு உலகறிந்தவர் டி. என். அனந்தகிருஷ்ணன். அத்தகையோர் அரிதினும் அரிது. எங்கள் கல்லூரியில் விலங்கியல் படித்த, பூச்சிகளின் மேல் மெய்யான ஆசை கொண்ட இளைஞர் இருவர் இன்று பூச்சிமருந்து விற்பனைப் பிரதிநிதிகள். குறை சொல்ல எனக்கு வாயில்லை. சம்பளம் அங்கேதான் இருக்கிறது.

செட்டிலின் கட்டுரையில் நம் டெல்டாவுக்கு நேராக வரும் செய்தி ஒன்றும் உண்டு. பெரும்பரப்பில் ஒரே சமயம் நட்டு, அறுவடைக்குப் பின் நீண்ட காலம் காயவிடும் பகுதிகளில் இரைவிழுங்கிகள் வந்து சேரத் தாமதமாகிறது. பூச்சித் தொல்லை மிகுகிறது என்கிறார்கள். சம்பா, தாளடி அறுவடை முடிந்து, ஜூன் 12 வாக்கில் மேட்டூர்த் தண்ணீரை எதிர்பார்க்கும் வரை நம் வயல்களும் காய்கின்றன. அந்த மாதங்களில் ஓநாய்ச் சிலந்தி எங்கே ஒதுங்குகிறது? உளுந்துக் கொல்லையிலா, வரப்புப் புல்லிலா, ஆழ்துளைக் கிணற்றை நம்பிக் கோடை நெல் நிற்கும் திட்டுகளிலா? இதற்கு வேண்டிய கருவி ஒரு வலை, ஒரு கைலென்சு, ஒரு நோட்டுப்புத்தகம். ஆண்டு முழுதும் வாரந்தோறும் வந்து எண்ண ஓர் ஆள்.

தமிழில் இத்தகைய படநூல் எழுத முற்படுவோர், நண்பர்களுக்கு முன்னதாக இந்தச் சிற்றீக்களுக்கு நான்கு பக்கம் ஒதுக்கட்டும். படம் எடுக்க அடுத்த குறுவையில் நட்டுப் பத்து நாளான, மருந்து படாத வயல் ஒன்று போதும்.