இரவல் அட்டிகையும் ஒரு பொய்க் கடிதமும்

பிரெஞ்சு எழுத்தாளர் மாப்பசானின் 'லா பாரூர்' என்னும் சிறுகதை, 1884ஆம் ஆண்டு பிப்ரவரித் திங்களில் 'லெ கோலுவா' நாளிதழில் வெளிவந்தது. 'நெக்லஸ்' என்ற ஆங்கிலப் பெயராலேயே நம்மவர் பலர் இதனை அறிவர். வகுப்பறைகளில் இக்கதை பெரும்பாலும் 'பேராசை பெருநட்டம்' என்ற ஒற்றை நீதிக்குள் அடக்கப்படுகிறது. இந்நீதி கதைக்குப் போதுமானதா என்பதே ஈண்டு நம் வினா.

கதைத்தலைவி மத்தில்டா கல்வி அமைச்சக எழுத்தர் ஒருவரின் மனைவி. செல்வ வாழ்வுக்கு ஏங்குபவள். அமைச்சக விருந்துக்காகத் தோழி ஃபோரஸ்தியேயிடம் வைர அட்டிகையை இரவல் பெறுகிறாள், அன்றிரவே தொலைக்கிறாள். கணவனும் மனைவியும் 36,000 பிராங்கிற்கு வேறோர் அட்டிகை வாங்கித் திருப்பித் தருகின்றனர். அக்கடனை அடைக்கப் பத்தாண்டுகள் கழிகின்றன. முடிவில், தொலைந்தது 500 பிராங்கிற்கு மேற்படாத போலி நகை எனத் தெரிய வருகிறது.

அட்டிகை தொலைந்தமை தற்செயல். பத்தாண்டுத் துன்பமோ தற்செயலன்று. அட்டிகையின் கொக்கி உடைந்துவிட்டது, செப்பனிடக் கொடுத்திருக்கிறோம் எனத் தோழிக்கு எழுதுமாறு கணவனே சொல்ல, மத்தில்டா எழுதுகிறாள். கதையின் திருப்புமையம் இக்கடிதமே என நாம் கருதுகிறோம். 'தொலைந்துவிட்டது' என்ற ஒரு சொல்லை எழுதியிருப்பின், நகையின் உண்மை மதிப்பு அன்றே வெளிப்பட்டிருக்கக் கூடும். விருந்தில் மின்னிய பகட்டைவிட, இழப்பை ஒப்புக்கொள்ள நாணிய பகட்டே அவர்களை வீழ்த்துகிறது.

தோழியும் இதற்கு விலக்கல்லள். நகை போலி என்பதை இரவல் தரும்போது அவள் சொல்லவில்லை. திரும்பப் பெறும்போது பேழையைத் திறந்து பார்க்கவும் இல்லை. எனவே பகட்டு ஒருத்தியின் குணக்கேடு மட்டுமன்று. ஒரு சமூகத்தின் பழக்கம் என்றே கொள்ளல் தகும். 1883இல் மாப்பசான் எழுதிய 'லே பிஷூ' என்னும் கதையில், போலி என எண்ணிய நகைகள் மெய்யாக மாறுகின்றன. இறந்த மனைவியின் நகைகளை விற்றுச் செல்வனாகும் எழுத்தன், அவை எவ்வாறு வந்தன என்ற உண்மையை விழுங்கிவிடுகிறான். இரு கதைகளிலும் பொன்னின் தரத்தைவிட மௌனத்தின் விலையே ஆராயப்படுகிறது.

எனினும் மத்தில்டாவை இகழ்ந்து ஒதுக்குதல் இயலாது. கடனை ஏய்க்க அவள் எண்ணவில்லை. வேலைக்காரியை நீக்கிவிட்டுத் தானே பாத்திரம் துலக்கி, தண்ணீர் சுமந்து, காசுக்குக் காசு பேரம் பேசிக் கடனைத் தீர்க்கிறாள். மாற்று நகையைத் தோழி கண்டறியவில்லை என அறிந்தபோது பெருமிதத்துடன் புன்னகைக்கிறாள். வீண்பெருமையும் மானமும் ஒரே உள்ளத்தில் வேர்கொண்டிருப்பதை அப்புன்னகை காட்டுகிறது. குறள் 'அவா அறுத்தல்', 'மானம்' என இரண்டையும் வெவ்வேறு அதிகாரங்களில் வைத்தது. மாப்பசான் இரண்டையும் ஒருத்தியிடத்தே வைத்தார்.

பொந்தியான் போன்ற ஜொகூர்ச் சிற்றூர்களில் இக்கதையைக் கற்பிக்கும் ஆசிரியருக்குப் பாரிசு நகரை விளக்கும் தேவை மிகுதியாக இராது. திருமண இரவலும் அடகுக்கடையும் நம் மாணவர் அறியாதவை அல்ல. 'மத்தில்டா ஆசைப்பட்டது தவறா?' என வினவுவதோடு நில்லாமல், 'அக்கடிதத்தை நீ எவ்வாறு எழுதியிருப்பாய்?' என வினவலாம். முதல் வினாவிற்கு மாணவர் நாம் விரும்பும் விடையையே தருவர். இரண்டாம் வினாவிற்குத் தம் இல்லத்தை எண்ணிப் பார்த்தே விடை தர இயலும்.