கன்றின் தொட்டியில் ஆலை மிச்சம்: எது சிக்கனம்?

செக்கிலிருந்து புண்ணாக்கு, அரிசி ஆலையிலிருந்து தவிடு, பருப்பு ஆலையிலிருந்து பொட்டு, சேலத்து சேகோ ஆலைகளிலிருந்து மரவள்ளித் திப்பி என்று ஆலை மிச்சத்தைத் தின்றுதான் நம் மாடுகள் பால் கறக்கின்றன. எத்தனால் ஆலைகள் பெருகியபின் டிடிஜிஎஸ் எனும் உலர்ந்த வடிசாலைச் சக்கையும் சந்தைக்கு வந்திருக்கிறது. மாட்டுக்கு ஒத்துவருவதைக் கன்றின் தொடக்கத் தீவனத்திலும் சேர்த்து மக்காச்சோளத்தைக் குறைத்தால் என்ன? செலவு குறையும், மனிதர் உண்ணும் தானியமும் மிஞ்சும். இரண்டும் நியாயமான வாதங்கள்தாம். இடிப்பது கன்றின் வயிறு.

பிறந்த கன்று அசைபோடும் விலங்கல்ல. குடிக்கும் பால் முதல் வயிற்றைத் தொடாமல் நேரே நான்காம் வயிற்றுக்குப் போகிறது. தீவனத்து மாவுச்சத்து நொதிக்கும்போது உண்டாகும் பியூட்டிரிக், புரோப்பியானிக் அமிலங்களே முதல் வயிற்றின் உட்சுவரில் சத்தை உறிஞ்சும் நுண்முளைகளை வளர்க்கின்றன. ஆகவே, தொடக்கத் தீவனம் பசியாற்றினால் மட்டும் போதாது. வயிற்றையே கட்டி எழுப்ப வேண்டும். எளிதில் நொதிக்கும் மாவுச்சத்து, 18 முதல் 20 விழுக்காட்டுக்குக் குறையாத புரதம், குறைந்த நார் ஆகிய மூன்றும் அதற்கு வேண்டும்.

இந்த உரைகல்லில் எல்லா மிச்சமும் ஒரே தரமாக நிற்பதில்லை. கடலைப் புண்ணாக்கும் சோயாப் புண்ணாக்கும் எண்ணெய் ஆலையின் மிச்சம்தான். அவை இல்லாமல் இத்தீவனமே இல்லை. ஆனால் ஈரம் பட்ட கடலைப் புண்ணாக்கில் அஃப்ளாடாக்சின் எனும் பூஞ்சை நஞ்சு சேரும். அதை மாட்டைவிடக் கன்று குறைவாகவே தாங்கும். பருத்திக்கொட்டைப் புண்ணாக்கிலுள்ள காசிபோல் எனும் நச்சுப்பொருளை வளர்ந்த மாட்டின் முதல் வயிறு ஓரளவு செயலிழக்கச் செய்துவிடும்; கன்றுக்கு அந்தக் காப்பு இல்லை. டிடிஜிஎஸ்-இல் புரதம் உண்டு. ஆனால் மாவுச்சத்து சாராயமாகப் போய்விட்டதால் எஞ்சிய சத்தோடு, தானியத்தில் பூஞ்சை நஞ்சு இருந்தால் அதுவும் ஏறத்தாழ மும்மடங்காகச் செறிந்துவிடும். அளவு மீறிச் சூடேற்றி உலர்த்தினால் புரதத்திலுள்ள லைசின் எனும் அமினோ அமிலம் கெடும். திப்பியில் மாவுச்சத்து ஏராளம், புரதமோ சொற்பம். ஈரத் திப்பி விரைவில் பூஞ்சை பிடிக்கும். தீட்டிய அரிசித் தவிட்டின் எண்ணெய் சில நாளில் சிக்கடிக்கும்.

தானியத்தை மட்டும் நம்புவதும் சரியல்ல. நைஸாக அரைத்த மக்காச்சோளம் வேகமாக நொதித்து வயிற்றைப் புளிக்கவைக்கும். கொஞ்சம் கோதுமைத் தவிடு அந்த வேகத்தைத் தணிக்கும். சிறிதளவு மொலாசஸ் தூசியை அடக்கி, கன்றைத் தின்னத் தூண்டும். இங்கே ஆலை மிச்சம் விலைக்காக அல்ல, குணத்துக்காகவே இடம்பெறுகிறது.

இனிக் கணக்குக்கு வருவோம். இரண்டு மாதத்துக்குள் ஒரு கன்று சுமார் 30 கிலோ தொடக்கத் தீவனம் தின்னும் என்று கொள்வோம். கிலோவுக்கு 6 ரூபாய் மிச்சம் பிடித்தாலும் மொத்தம் 180 ரூபாய்தான். ஒரு நாளைக்கு 5 கிலோ அடர்தீவனம் தின்னும் கறவை மாட்டில் கிலோவுக்கு 3 ரூபாய் மிச்சமானால், அதே 180 ரூபாய் 12 நாளில் கைக்கு வந்துவிடும். கன்றிடம் மிச்சம் பிடித்த பணம் ஒரு கழிச்சல் நோயின் மருந்துச் செலவுக்கே பற்றாது. வளர்ச்சி தள்ளிப்போனால் கிடேரி பருவத்துக்கு வருவதும் தள்ளிப்போகும்.

எனவே என் முடிவு இது. ஆலை மிச்சம் கன்றுக்கு ஆகாது என்பது தவறு. மலிவு என்பதற்காகச் சேர்ப்பது அதைவிடத் தவறு. சோதித்த புண்ணாக்கும் அளவான கோதுமைத் தவிடும் மொலாசஸும் இருக்கட்டும். பருத்திப் புண்ணாக்கு, ஈரத் திப்பி, ஈரமான பீர்ச் சக்கை, யூரியா கலந்த மாட்டுத் தீவனம் ஆகியவை வேண்டாம். கன்று தொடர்ந்து மூன்று நாள் தினம் ஒரு கிலோ தீவனம் தின்றபின் பாலை நிறுத்துங்கள். மலிவுத் தீவனத்தை அதற்குப் பிறகு படிப்படியாகப் பழக்கலாம். சிக்கனத்தைக் கறவை மாட்டின் தொட்டியில் தொடங்குங்கள்.